கடலில் நனைந்த குடும்பப் படங்களைக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டல், அதாவது சரக்குத் தோணியின் தலைவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருமுறை மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி நடுக்கடலில் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் பெரியப்பா ஒரு கைலியோடும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வீடு வந்து சேர்ந்தார். பாட்டிலுக்குள் சுருட்டி வைத்த பதினோரு படங்கள். மூடி சரியாகப் பொருந்தாததால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஆனாலும் படங்கள் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தன. ஈரம், அவ்வளவுதான்.

பெரியம்மா அவற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், செய்தித்தாள் விரித்து, மேலேயும் ஒரு தாள் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்து, வத்தல் காயப்போடுகிற மாதிரி காயப்போட்டார். சாயங்காலம் எடுக்கப் போனால் ஏழு படங்கள் தாளோடு தாளாக ஒட்டிக் கிழிந்தன. கல்யாணப் படம் தப்பியது. ஆனால் பெரியம்மாவின் பட்டுச் சேலை மேல் ஏதோ ஒரு டெண்டர் விளம்பரம் இடவலம் மாறி அச்சாகிக் கிடந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மூன்று நாள் கடல்தண்ணீரில் ஊறியும் பிழைத்த படங்கள் ஒரு மத்தியான வெயிலில் போயின. பழைய படங்களை ஸ்கேன் செய்து சரிசெய்வதுதான் இப்போது எனக்குப் பிழைப்பு. புயலிலும் வெள்ளத்திலும் நனைந்து என்னிடம் வருகிற படங்களிலும் இதையேதான் பார்க்கிறேன். தண்ணீர் கெடுத்தது பாதி என்றால், அவசரத்தில் நாம் கெடுத்தது பாதி. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது பாதியைத் தவிர்க்கத்தான்.

படம் எதனால் ஆனது

ஸ்டூடியோவிலோ லேபிலோ போட்ட படம் என்றால் அடியில் காகிதம், மேலே ஜெலட்டின் பூச்சு. எமல்ஷன் என்பது இதுதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள்கள் இருக்கும், கலர் படத்தில் சாயங்கள். ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பல ஜெல்லி மிட்டாய்களில் இருப்பதும் இதுவே. நனைந்தால் ஊதும், சூடுபட்டால் இளகும், காயும்போது எதன்மேல் படுகிறதோ அதோடு பசையாக ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல சாப்பாடு.

இதோடு உப்பு சேர்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் சமையலுப்பு மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது கசியும். கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரை ஊர்களில் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். அதனால் கடல்நீரில் நனைந்து, கழுவப்படாமல் காய்ந்த படம் உண்மையில் காய்வதே இல்லை. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி ராத்திரி கசிந்து பகலில் காய்ந்து, அந்த இழுபறியிலேயே எமல்ஷன் வெடித்து உதிரும். கடல்நீர் பட்ட படத்தை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவைக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

படி 1: ஈரத்தை ஈரமாகவே வையுங்கள்

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அரைகுறையாகக் காய்வதுதான் பெரிய ஆபத்து. ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் படங்கள் காயத் தொடங்கினால் ஒட்டிவிடும். அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. கையில் கிடைத்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள் (படி 4-இல் சொல்லும் அலசக்கூடாத படங்களைத் தவிர). தண்ணீர் கிடைக்காவிட்டால் ஜிப் வைத்த கவரில் போட்டு மூடி நிழலில் வையுங்கள்.

உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 48 மணி நேரம். அதற்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. கணக்கு படம் நனைந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, உங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை.

பூஞ்சை வாடை வந்துவிட்டால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் விடுவது நல்லது.

படி 2: எதை முதலில் எடுப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் காப்பாற்ற முடியாது. இதில் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். 1915-இல் துருவப் பயணி ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் அண்டார்டிகாவின் வெடெல் கடலில் பனிக்கட்டிகளுக்கு இடையில் சிக்கி நொறுங்கியது. அக்டோபர் 27 அன்று ஆட்கள் கப்பலைக் கைவிட்டார்கள், நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. இடைப்பட்ட நாட்களில் கப்பலின் படப்பிடிப்பாளர் ஃபிராங்க் ஹர்லி, நொறுங்கிய கப்பலுக்குள் பனிக்கூழாகக் கிடந்த தண்ணீரில் இறங்கித் தன் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். தண்ணீர் புகாதபடி பற்றவைத்த பெட்டிகளில் இருந்ததால் அவை தப்பியிருந்தன. ஆனால் அத்தனையையும் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க முடியாது. ஹர்லியும் ஷேக்கிள்டனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, மீதி நானூறு சொச்சத்தை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். பின்னால் மனசு மாறி எடுக்கத் தோன்றக்கூடாது என்பதற்காக உடைத்தார்கள்.

கப்பலைக் கைவிட்டதுமே, ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தச் சாமான்தான் என்று ஷேக்கிள்டன் கட்டளை போட்டார். தங்க சவரன்களைப் பனியில் எறிந்துவிட்டு, வீட்டு மனிதர்களின் படங்களை வைத்துக்கொண்டார்கள். கண்காணாத கரையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடக்க நேர்ந்தால் மனசுக்குப் பிடிமானம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது: அவர்களில் 22 பேர் எலிஃபெண்ட் தீவில் 1916 ஆகஸ்ட் கடைசி வரை காத்துக் கிடந்தார்கள்.

நமக்கு அவ்வளவு கொடுமை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஆளுக்கு இருக்கிற ஒரே படம் இதுவா? ஆம் என்றால் அது முதலில். நெகட்டிவ் இருக்கிற படமும், சித்தி வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிற படமும் காத்திருக்கலாம். பொருளைப் பார்த்தால், கலர் படங்கள் கறுப்பு வெள்ளையைவிட வேகமாகக் கெடும். அதனால் கலர் முதலில்.

படி 3: கழுவும் முன் ஒரு போட்டோ

ஈரத்தோடு இருக்கும்போதே ஃபோனில் எடுத்து வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, மையில் எழுதிய தேதி, 'அன்புத் தம்பிக்கு' என்ற இரண்டு வார்த்தை எல்லாம் கழுவலில் போய்விடலாம். ஆல்பமாக இருந்தால் பக்க வரிசையில் எடுங்கள். யார் பக்கத்தில் யார் என்பதே பாதி சரித்திரம்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் மியாகி மாகாணத்தில் யமமோட்டோ என்ற சிறிய ஊரில், சேற்றில் கிடைத்த சுமார் ஏழரை லட்சம் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் கேமராவில் பிரதி எடுத்தார்கள். அசல் தப்பாவிட்டாலும் உருவம் தப்பட்டும் என்பதுதான் அதன் பொருள்.

படி 4: அலசுவது

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் பகலில் கொதிக்கும். ஊறிப்போன எமல்ஷன் அதில் இளகிக் கையோடு வந்துவிடும். காலையில் சீக்கிரம் பிடித்து வைத்த தண்ணீரே நல்லது. 20 டிகிரி பக்கம் இருந்தால் உத்தமம். ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு தண்ணீர் பாட்டிலை மூடியோடு ட்ரேக்குள் போட்டால் குளிர்ச்சி நிற்கும். எல்லா ட்ரேயிலும் ஒரே சூடு இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரிலிருந்து வெதுவெதுப்புக்கு மாற்றினால் எமல்ஷன் காய்ந்த குளத்து மண்போல வலைவலையாகச் சுருங்கும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் முதல் அலசலுக்கு அது போதும், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு தட்டையான பிளாஸ்டிக் ட்ரேக்களை வரிசையாக வையுங்கள். படத்தை ஓரத்தில் பிடித்து, முகம் மேலே இருக்கும்படி முதல் ட்ரேயில் விடுங்கள். ட்ரேயை லேசாக ஆட்டினாலே போதும், தேய்க்க வேண்டாம். மணலும் சேறும் தானாகக் கீழே இறங்கும். பிடிவாதமாக ஒட்டியிருப்பதைக் குழந்தைகள் வரையும் மெல்லிய பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே தள்ளலாம், அதுவும் முகத்தின்மேல் வேண்டாம். சில நிமிடம் கழித்து அடுத்த ட்ரே. மொத்தமும் அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பத்துப் படத்துக்கு ஒருமுறை எல்லா ட்ரேயிலும் தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உப்பைக் கழுவி உப்பிலேயே போடுகிற கதைதான்.

கப்பலோ படகோ மூழ்கிய இடத்தில் டீசல் இருக்கும். படத்தைத் தண்ணீரில் போட்டதும் மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதந்தால் அப்படியே தூக்காதீர்கள், மறுபடி படத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு ஓரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி ட்ரேயை வழியவிடுங்கள், படலம் வழிந்து போனபின் எடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம்.

அலசக்கூடாத படங்களும் உண்டு. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டதாக இருந்தால் பெரும்பாலும் சாயம் ஓடும். தண்ணீரை வடித்துவிட்டு முகம் மேலாகக் காயவையுங்கள். லேபில் போட்ட டிஜிட்டல் பிரிண்ட் அப்படி இல்லை, அது உண்மையான போட்டோ காகிதம், அலசலாம். எது என்று தெரியாவிட்டால் வெள்ளை ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் கன்னத்துக்கு ரோஸும் சேலைக்குப் பச்சையும் கையால் பூசிக் கொடுத்த படங்கள் இருக்கின்றனவே, அவற்றின் சாயமும் கரையும். ஓரங்கள் ஏற்கெனவே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ குழைந்து, தொட்டால் சளிமாதிரி வருகிறதென்றால் பாக்டீரியா ஜெலட்டினைத் தின்றுவிட்டது. அதைத் தண்ணீரில் விட்டால் மிச்சமும் போகும். போட்டோ எடுத்துவிட்டு அப்படியே காயவையுங்கள். ஓரம் போனாலும் நடுவில் முகம் நிற்கும்.

படி 5: ஒட்டியதும் கண்ணாடியும்

கட்டாக ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் முழுக்கட்டையும் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைப் பாருங்கள். மேல் படம் தானாக விலகும்போதுதான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டும் ஆல்பங்கள் எண்பதுகளில் எல்லா வீட்டிலும் வந்தன. நல்ல நாளிலேயே அவை படத்துக்குச் சனியன்தான். அட்டையோடு வெட்டித் தனித்தனிப் பக்கமாக்கி ஊறவையுங்கள்.

மாலை போட்ட சட்டப் படங்களுக்கு வேறு வழி. ஈரமாக இருக்கும்போதே பின்பக்க ஆணிகளைக் கழற்றி, அட்டையை எடுத்துவிட்டு, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து ட்ரேயில் வையுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் மெதுவாக ஓடட்டும். பிரிந்தால் நல்லது. ஏற்கெனவே காய்ந்து ஒட்டிப்போயிருந்தால் கையே வைக்காதீர்கள். கண்ணாடியைத் துடைத்து, அதன் வழியாகவே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வீட்டில் செய்த பிரிப்பு வேலைகளில் மூக்கும் வாயும் கண்ணாடியில் தங்கிப்போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நெகட்டிவ் சுருள்களையும் இதேபோல் அலசி, ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடலாம். விரல் படவே கூடாது.

படி 6: காயவைப்பது

வெயில் கூடாது. ஹேர் டிரையர் கூடாது. செய்தித்தாள் கூடவே கூடாது, காரணம் எங்கள் பெரியம்மாவின் சேலையில் இருக்கிறது.

ஒரு அறையில் கொடி கட்டி, படத்தின் வெள்ளை ஓரத்தில் பிளாஸ்டிக் துணி கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். ஓரம் இல்லாத படங்களைப் பழைய வெள்ளை வேட்டியின்மேல் முகம் மேலாகப் பரப்புங்கள். ஃபேன் ஓடட்டும், ஆனால் நேராகப் படத்தின்மேல் அடிக்க வேண்டாம். பறந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மறுபடி படி 5-க்குப் போக வேண்டியதுதான். பழைய தடித்த காகிதப் படங்கள் பாய் மாதிரி சுருளும், பயப்படாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும், வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தை ஒரு வாரம் மேலே வைத்தால் ஓரளவு நிமிரும்.

படி 7: நேரம் போதாவிட்டால் ஐஸ்

ஐந்நூறு படம், இரண்டு கை. முடியாது. அப்போது முதல் அலசலை மட்டும் முடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, சின்னச் சின்னக் கட்டாக ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை அங்கே வளராது. வாரக் கணக்கில் வைத்திருந்து, ஒவ்வொரு கட்டாக எடுத்து, உறைநிலை கலைந்ததும் அலசிக் காயவைக்கலாம். கடற்கரை ஊர்களில் இன்னும் வசதி: மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, கவருக்குள் கவர் வைத்து ஊர்வரை கொண்டுவந்துவிடலாம். உறையாவிட்டாலும் குளிர்ச்சி ஒரு நாளோ இரண்டு நாளோ வாங்கிக் கொடுக்கும்.

ஐஸ் படத்தை எவ்வளவு காலம் காக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1897-இல் பலூனில் வடதுருவம் போகக் கிளம்பிய ஸ்வீடன்காரர் ஆண்ட்ரேயின் குழு திரும்பி வரவே இல்லை. 33 வருடம் கழித்து, 1930-இல் குவிட்டோயா தீவில் அவர்களின் உடல்களோடு ஃபிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைக் கழுவி 93 படங்களை எடுத்தார்.

கண்ணாடி நெகட்டிவ்களையும், கண்ணாடியிலோ தகரத்திலோ நேரடியாக எடுத்த பழங்காலப் படங்களையும் மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அவற்றை உடனே காற்றில் உலர்த்த வேண்டும்.

படி 8: ஸ்கேன், பெயர், திருத்தம்

காய்ந்ததும் ஸ்கேன். சாதாரண அளவுக்கு 600 டிபிஐ (ஸ்கேனரில் வைக்கும் நுணுக்க அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக ஒன்று சேமித்து, அதைத் தொடவே தொடாதீர்கள். திருத்தமெல்லாம் பிரதியில்தான். ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும்.

பெயர்களைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். காகிதப் பின்பக்கமாக இருந்தால் மென்மையான பென்சில். பிளாஸ்டிக் வழவழப்பு இருந்தால் கவரின்மேல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும்.

ஏஐ செயலிகள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கீறலை மூடவும், வெளிறிய நிறத்தை மீட்கவும் பயன்படுத்துங்கள். அழிந்துபோன முகத்தை வரையச் சொல்லாதீர்கள். அது வரையும் மூக்கு உங்கள் தாத்தாவின் மூக்கு இல்லை, எங்கேயோ பார்த்த ஆயிரம் மூக்குகளின் கலவை. பேரப்பிள்ளைகள் அதையே தாத்தா என்று நம்பி வளர்வார்கள்.

பெரியம்மாவின் கல்யாணப் படத்தை நான் ஸ்கேன் செய்தபோது, 'சேலைல இருக்க அந்த எழுத்த எடுத்துரவா பெரியம்ம?' என்று கேட்டேன். 'அது கெடக்கட்டும்ல. ஒங்க பெரியப்பா உசுரோட வந்த அன்னைக்குப் பேப்பரு' என்றார். எடுக்கவில்லை.

படி 9: இனி கடலுக்குப் போகிறவர்களுக்கு

அசலைக் கொண்டுபோகாதீர்கள். பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், லேபில் சில ரூபாய்தான்.

அசலே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பெட்டியில் செலவு செய்யுங்கள். ஹர்லியின் தகடுகளைக் காப்பாற்றியது பற்றவைத்த பெட்டி. டைட்டானிக்கின் சிதைவுகளுக்கு நடுவே 1912-லிருந்து கடலடியில் கிடந்த காகிதங்களில் கணிசமானவை தப்பியது தோல் பைகளுக்குள். தோல் பதனிடும் ரசாயனம் நுண்ணுயிர்களை அண்டவிடவில்லை. இன்றைக்கு நமக்கு ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பா கிடைக்கிறது. படத்தைப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜிப் கவரில் காற்றை அமுக்கி மூடி, இன்னொரு கவர், அப்புறம் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம். டப்பாவைத் தண்ணீர் வாளியில் ஒரு ராத்திரி அமுக்கி வைத்துச் சோதித்துப் பாருங்கள். சோதனைக்கு உள்ளே ஒரு டிஷ்யூ தாள் வையுங்கள், படத்தை வைக்க வேண்டாம். சுருட்டாமல் தட்டையாக வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் படத்தோடு ஒட்டும். மூடிக்கு உள்பக்கம் வீட்டு முகவரியைப் பென்சிலில் எழுதி ஒட்டிவிடுங்கள். டப்பா மட்டும் தனியாகக் கரை ஒதுங்கினாலும் எடுத்தவர் கொண்டுவந்து சேர்ப்பார்.